இருபத்துமூன்றாம் இலக்கம்

பாசையூரில், ஐந்தாம் வகுப்பில்,
முப்பது இடுப்புகளுக்கு முப்பது பட்டி கட்டினேன்.
தீப்பெட்டியிலும் சின்னக் கருவி. சிவப்பு.
நேரம் காட்டாது, விளக்கு எரியாது.
"உது என்ன செய்யும் மிஸ்?"
நீங்கள் ஓடுறதை எண்ணும்.
"நிண்டால்?"
நிண்டதையும் எழுதும்.
"பொய் சொன்னால்?"
அதுக்குக் காது இல்லை என்றேன்.
எல்லாரும் சிரித்தார்கள். ஆன் டெல்சியா மட்டும்
குனிந்து பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

ஏழு நாள். குளித்தால் கழற்று, கடலில் இறங்கினால் கழற்று,
மற்றும்படி நித்திரையிலும் கிடக்கட்டும்.
வீட்டுக்கு ஒரு தாள்,
அதன் அடியில் கையொப்பத்துக்கு ஒரு கோடு.

பொறுக்கிக்கொண்டு வந்து
மருத்துவபீடத்து மேல்மாடியில், மின்விசிறி கடகடக்க,
ஒவ்வொன்றாய்க் கணினியில் செருகினேன்.
பதினைந்து விநாடிக்கு ஓர் எண்.
நிறையோடு பெருக்கினால்
ஒரு பிள்ளை ஒரு நாளில் எரித்தது வரும்.
இடைவேளை, பத்தரை மணி: முப்பது கோடும் ஒன்றாய்க் கிளம்பும்.
யார் யாரைத் துரத்தினார்கள் என்று கிடையாது.
பிறகு ரியூசன்.
இரண்டரையிலிருந்து ஆறு வரை வரம்பு கட்டினதுபோல் நேர்கோடு.
புலமைப்பரிசில் வருடம்;
வாங்குக்குக் கீழே ஆடுகிற கால்களை
இடுப்பு அறியாது.
கொழும்புத்துறை வரை சைக்கிள் மிதித்தவனும்
இருந்தவன் என்றே வந்தான்.
சைக்கிளைக் கணக்கில் எடுக்காத கருவி
யாழ்ப்பாணத்துக்கு எதற்கு என்று பேராசிரியரைக் கேட்டேன்.
குறைபாடுகள் என்ற பகுதியில் ஒரு வசனம் போடுவோம் என்றார்.

இருபத்துமூன்றுதான் படுக்கவில்லை.
இரவு ஒன்பதேகாலிலிருந்து பதினொன்று வரை
சின்னச் சின்னதாய், ஓயாமல்.
விடிய நாலு மணிக்கு மறுபடி.
நாலே முக்காலுக்கு ஒரு பெரிய ஏற்றம்,
தண்ணீர்க் குழாயடியாய் இருக்கலாம்.
பத்து வயது, இருபத்துநாலு கிலோ, ஆறு இரவுகள்.
பற்றறியைப் பார்த்தேன். மேசையில்
ஒரு இரவு முழுக்கச் சும்மா கிடத்தினேன்.
காலையில் பார்த்தால் சுத்தமான பூச்சியம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன்.
தாய் மெற்றில்டா, நண்டுக் கொம்பனியில் வேலை,
விரல் முழுக்க ஓடு கிழித்த கீறல்.
ஒளிக்கவில்லை.
"நாள் முழுக்க ரியூசனில குந்தியிருக்கிறாள் மிஸ்.
உங்கட மெசினில புள்ளி குறைஞ்சிடுமெண்டு பயந்துபோனன்.
அவள் நித்திரையானாப் பிறகு கழட்டி
நான் கட்டிக்கொண்டு திரிஞ்சன்.
வீட்டு வேலைதானே, சும்மா போகுது."

இது சோதினை இல்லை அம்மா என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"பாசோ?" என்றாள் டெல்சியா
கதவுக்குப் பின்னாலிருந்து.
ஓம் என்றேன்.
ஆய்வுக்காரி சொல்லக்கூடாத சொல்.

அணிந்தவர் வேறெனில் அந்த மணித்தியாலங்களை நீக்குக.
விதி தெளிவாய்த்தான் இருக்கிறது.
நாற்பத்தொன்பதரை மணித்தியாலம் நீக்கினேன்,
அதில் தாய் படுத்தது முப்பது.
நீக்குமுன் ஒரு தடவை
வயது முப்பத்தாறு, நிறை நாற்பத்தெட்டு என்று
குத்துமதிப்பாய்ப் போட்டுப் பார்த்தேன்.
வந்த எண்ணை எங்கும் எழுதவில்லை.
அவள் கையொப்பமிட்டது பிள்ளைக்கு.

பட்டிகளைச் சவர்க்காரத்தில் ஊறவைத்து
மாடிக் கம்பியில் காயவிட்டேன்.
இருபத்துமூன்றில் இரண்டு மடிப்புத் தடம்:
ஒன்று பிள்ளையின் அளவில்,
மற்றது ஒரு சாண் தள்ளி.
திங்கள் அது நாவாந்துறைக்குப் போகவேண்டும், வேறொரு இடுப்புக்கு.
வீட்டுத் தாளில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்:
பிள்ளை மட்டும் அணியவும்.

இரண்டு தரம் கழுவியாயிற்று.
நண்டு மணம் இன்னும் போகவில்லை.